ரத்தான பள்ளிச் சுற்றுலா: பெற்றோர் கட்டிய பணம் எங்கே நிற்கிறது?

பள்ளிச் சுற்றுலா ரத்து என்ற சுற்றறிக்கை வந்த சில நாட்களில் இன்னொன்று வரும். கட்டணத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே பயண ஏற்பாட்டாளரிடம் செலுத்தப்பட்டுவிட்டது, எனவே திருப்பித் தர இயலாது, அல்லது இத்தனை சதவீதம்தான் தர முடியும் என்று அதில் எழுதியிருக்கும். பெற்றோரில் பாதிப்பேர் அதோடு ஓய்ந்துவிடுகிறார்கள். மீதிப்பேர் கோபத்தோடு தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போகிறார்கள். இரண்டு வழியிலும் பணம் வருவது அரிது.

‘செலுத்தப்பட்டுவிட்டது’ என்பது ஒரு தகவல். ‘திரும்பி வராது’ என்பது ஒரு முடிவு. தகவல் உண்மையாக இருப்பதால் மட்டும் முடிவு சரியாகிவிடாது. யாரிடம் செலுத்தப்பட்டது, எந்த ஒப்பந்தத்தின் கீழ், ரத்து செய்தது யார், எந்தத் தேதியில் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் அந்த முடிவுக்கு வரவே முடியாது. பள்ளிக்கும் பல நேரம் இந்த விடைகள் தெரிந்திருப்பதில்லை. ஏற்பாட்டாளர் தொலைபேசியில் சொன்னதைத்தான் சுற்றறிக்கையாக அடித்து அனுப்பியிருக்கும்.

பணம் போகும் வழி

பெற்றோர் பள்ளிக்குக் கட்டுகிறார்கள். பள்ளி ஏற்பாட்டாளருக்குக் கட்டுகிறது. ஏற்பாட்டாளர் விமான நிறுவனம், பேருந்து உரிமையாளர், தங்கும் விடுதி, அருங்காட்சியகம், காப்பீட்டு நிறுவனம் என்று பிரித்துக் கட்டுகிறார். ஒவ்வொரு கட்டத்திலும் தனி ஒப்பந்தம், தனி ரத்து விதி, தனிக் கெடு இருக்கின்றன. பணம் ஒரே நாளில் இந்த வழி முழுவதையும் கடந்துவிடுவதில்லை. பெற்றோர் மூன்று தவணை கட்டி முடித்திருந்தாலும், ஏற்பாட்டாளர் விடுதிக்கு முன்பணம் மட்டுமே கொடுத்திருக்கலாம். பேருந்துக்கு ஒன்றுமே கொடுக்காமலும் இருந்திருக்கலாம். பேருந்துக்காரர்கள் பெரும்பாலும் முன்பணத்தை வாங்கிக்கொண்டு மீதியைப் புறப்படும் நாளுக்குச் சற்று முன்போ பயணம் முடிந்த பிறகோ பெறுபவர்கள். ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ரத்தான நாளன்று பணம் இந்த வழியில் எங்கே நின்றது என்பதுதான்.

அடுத்தது, பள்ளி இதில் யாராக நிற்கிறது என்பது. பெற்றோர் சார்பாகப் பணம் திரட்டிக் கொடுக்கும் முகவரா, அல்லது தானே பயணத்தை விற்பவரா? ஒப்புதல் படிவத்தில் ஏற்பாட்டாளரின் பெயரும் அவருடைய விதிமுறைகளும் இணைக்கப்பட்டு, பெற்றோர் அவற்றுக்குக் கையொப்பமிட்டிருந்தால் முதல் வகை என்று வாதிட இடமுண்டு. படிவத்தில் பள்ளியின் பெயர் மட்டும் இருந்து, ரசீதும் பள்ளியின் பெயரிலேயே இருந்தால், பெற்றோரின் ஒப்பந்தம் பள்ளியோடுதான். அப்போது ஏற்பாட்டாளரின் ரத்து விதி பெற்றோரைக் கட்டுப்படுத்தாது. காட்டப்படாத விதிக்கு யாரும் ஒப்புக்கொண்டிருக்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டுப் பயணத் தொகுப்பு நெறிமுறை இந்த இடத்தை நன்றாகக் காட்டுகிறது. போக்குவரத்தும் தங்குமிடமும் சேர்ந்த பயணத்தை விற்பவருக்கு அது கடுமையான பொறுப்புகளைச் சுமத்துகிறது. ஆனால் பள்ளியோ விளையாட்டுக் கழகமோ ஆண்டுக்குச் சில முறை, லாப நோக்கின்றி, தன் உறுப்பினர்களுக்கு மட்டும் நடத்தும் பயணங்களுக்கு விலக்கு அளிக்கிறது. இரவு தங்காத, 24 மணி நேரத்துக்கும் குறைவான பயணங்களுக்கும் அது பொருந்தாது. ஆக, ஆசிரியர்களே பேருந்தும் விடுதியும் பிடித்து நடத்தும் பயணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை; தொழில்முறை ஏற்பாட்டாளரிடம் வாங்கிய பயணத்துக்கு உண்டு. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே ஊர். யார் வழியாகப் போனார்கள் என்பதில் உரிமை மாறிவிடுகிறது.

இங்கிலாந்தில் இன்னொரு கோணமும் சேர்கிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி அரசு நிதியில் நடக்கும் பள்ளிகள், பள்ளி நேரத்தில் நடக்கும் பயணத்துக்கு, தங்கும் இடமும் உணவும் நீங்கலாக, கட்டணம் விதிக்க முடியாது. விரும்பிக் கொடுக்கும் பங்களிப்பைத்தான் கேட்கலாம். குறிப்பிட்ட ஒரு பயணத்துக்கென்று கேட்டு வாங்கிய பங்களிப்பு, அந்தப் பயணம் நடக்காதபோது பள்ளியின் பொது நிதியில் தானாகக் கரைந்துவிடக் கூடாது. கேட்ட கடிதத்தின் வாசகமே அங்கு சான்று.

ரத்து செய்தது யார், எந்தத் தேதியில்

பணத்தைப் பொறுத்தவரை எல்லா ரத்தும் ஒன்றல்ல.

ஏற்பாட்டாளர் ரத்து செய்தால் அவர் ஒப்பந்தத்தை நிறைவேற்றவில்லை. வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். போதிய ஆள் சேரவில்லை என்பதற்காக ரத்து செய்தாலும் அப்படித்தான். அதற்கும் கெடு உண்டு. மேலே சொன்ன ஐரோப்பிய நெறிமுறையின்படி ஆறு நாளுக்கு மேற்பட்ட பயணம் என்றால் 20 நாள் முன்பும், இரண்டு முதல் ஆறு நாள் என்றால் 7 நாள் முன்பும், இரண்டு நாளுக்குக் குறைவு என்றால் 48 மணி நேரம் முன்பும் சொல்லிவிட வேண்டும். ரத்தான நாளிலிருந்து 14 நாளுக்குள் முழுப்பணமும் திரும்ப வேண்டும்.

அரசு உத்தரவு, வெள்ளம், தொற்றுநோய், போர் என்று யாருடைய கையிலும் இல்லாத காரணத்தால் பயணம் நடக்கவே முடியாமல் போனால் நாட்டுக்கு நாடு விதி மாறும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 56 அத்தகைய ஒப்பந்தத்தைச் செல்லாததாக்குகிறது. பிரிவு 65 அதன் கீழ் பெற்ற ஆதாயத்தைத் திருப்பித் தரச் சொல்கிறது. நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தங்கள் பற்றிய இங்கிலாந்தின் 1943ஆம் ஆண்டுச் சட்டமும் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க வழிசெய்கிறது. ஆனால் பெற்றவர் அதற்குள் செய்துவிட்ட உண்மையான செலவைக் கழித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். ஒப்பந்தத்திலேயே ‘தவிர்க்க முடியாத நிகழ்வு’ என்றொரு பிரிவு இருந்தால் பெரும்பாலும் அதுதான் முதலில் பேசும். அந்தப் பிரிவைக் கவனித்துப் படியுங்கள். ‘பயணம் நடக்காவிட்டால் இழப்பீடு தர மாட்டோம்’ என்பது ஒன்று. ‘கட்டிய பணத்தைத் தர மாட்டோம்’ என்பது வேறு. முதலாவதை எழுதி வைத்துக்கொண்டு இரண்டாவதற்கு அதையே காட்டுவது அடிக்கடி நடக்கிறது.

மூன்றாவது வகைதான் பள்ளிகள் பேசத் தயங்குவது. பயணம் நடந்திருக்கலாம், ஆனால் பள்ளியே வேண்டாம் என்று முடிவெடுத்தது: தேர்வு அட்டவணை மாறியது, உடன் செல்லும் ஆசிரியர்கள் குறைந்தார்கள், நிர்வாகத்துக்கு அச்சம் வந்தது. முடிவு விவேகமானதாகவே இருக்கலாம். ஆனால் ஏற்பாட்டாளரின் கண்ணில் இது வாடிக்கையாளர் விலகல். ரத்துக் கட்டணம் பிடிப்பார். அந்தக் கட்டணத்தைப் பெற்றோர் தலையில் வைப்பதற்குப் படிவத்தில் தெளிவான அனுமதி இல்லையென்றால், சுமை பள்ளியுடையது. பெற்றோர் யாரும் விலகவில்லை, பிள்ளைகள் புறப்படத் தயாராக இருந்தார்கள் என்பதைக் கடிதத்தில் சொல்லியாக வேண்டும்.

தேதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு வழக்கு. ஜெர்மனியில் ஒருவர் 2020 ஏப்ரலில் ஜப்பானுக்குப் போகப் பயணம் வாங்கியிருந்தார். தொற்று பரவுவதைப் பார்த்து மார்ச் 1 அன்றே விலகினார். ஏற்பாட்டாளர் கட்டணத்தில் கால் பங்கைப் பிடித்துக்கொண்டார். மார்ச் 26 அன்று ஜப்பான் எல்லையை மூடியது. எப்படியும் பயணம் நடந்திருக்காது. ஆனாலும் விலகிய நாளில் நிலைமை எப்படி இருந்தது என்பதை மட்டுமே பார்க்க வேண்டும், பிறகு நடந்ததைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்று தீர்ப்பளித்தது. அந்த நாளிலேயே பயணம் பெரிதும் பாதிக்கப்படும் என்று நியாயமாகக் கணித்திருக்க முடிந்தால் முழுப்பணம். முடியாவிட்டால் பிடித்தம் நிற்கும்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு விஷயம் வருகிறது. பயணம் நடப்பது சந்தேகம் என்று தெரிந்ததும் ‘என் பிள்ளையை அனுப்பவில்லை’ என்று முந்திக்கொண்டு எழுதிக் கொடுக்காதீர்கள். ஏற்பாட்டாளரோ அரசோ ரத்து செய்யும்வரை பொறுத்தால் முழுப்பணம் கேட்கும் இடத்தில் நிற்பீர்கள். முந்தினால் விலகியவர் பட்டியலில் சேர்வீர்கள். இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பெரும்பாலான ரத்துக் கட்டணங்கள் படிப்படியாக ஏறுபவை; புறப்படும் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். அடுத்த படி எந்தத் தேதியில் ஏறுகிறது என்பதை விதிமுறையில் பார்த்துவிட்டு, அதற்கு ஒரு வாரம் முன்பு பள்ளியும் பெற்றோரும் உட்கார்ந்து பேசுவதுதான் சரி. குழந்தையின் பாதுகாப்பு பற்றி உண்மையான அச்சம் இருந்தால் பணத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அது வேறு விஷயம்.

ஒருவர் விலகுவதும் பயணமே நின்றுபோவதும்

இந்தக் குழப்பத்தில்தான் அதிகப் பணம் போகிறது. ஒப்புதல் படிவத்தில் ‘கட்டிய பணம் திருப்பித் தரப்பட மாட்டாது’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி எதற்காக வந்தது என்று பார்க்க வேண்டும்.

நாற்பது மாணவர்கள் போகிறார்கள், பேருந்து, வழிகாட்டி, ஆசிரியர் செலவு என்று ஆள் எண்ணிக்கையால் மாறாத செலவு 60,000 என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 1,500. எட்டுப்பேர் விலகி, அவர்களுக்கு முழுப்பணமும் கொடுத்தால், அதே 60,000-ஐ 32 பேர் சுமக்க வேண்டும், தலைக்கு 1,875. மீதிப் பெற்றோர் தலையில் இது ஏறக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வரி. நியாயமான வரிதான்.

பயணமே நின்றுவிட்டால் அந்தக் காரணம் இல்லை. பேருந்து ஓடவில்லை, வழிகாட்டி வரவில்லை, சுமையை ஏற்க மீதிப்பேர் என்று யாரும் இல்லை. தனியொருவர் விலகலுக்கு எழுதிய வரியை மொத்த ரத்துக்கும் நீட்டினால், நடக்காத சேவைக்குப் பணம் வைத்துக்கொள்வதாகிவிடும். இந்த ஒரு வேறுபாட்டை அமைதியாக எழுதிக் கொடுத்தாலே பல பள்ளிகள் சுற்றறிக்கையைத் திருத்திக்கொள்ளும். தனியாக விலகியவர்களுக்கும் ஒரு வழி உண்டு: அந்த இடத்துக்கு வேறொரு மாணவரைச் சேர்த்தால் பள்ளிக்கு நஷ்டமில்லை. ஐரோப்பிய நெறிமுறை புறப்பாட்டுக்கு 7 நாள் முன்பு சொல்லிவிட்டால் இடத்தை வேறொருவருக்கு மாற்றும் உரிமையையே தருகிறது. பெயர் மாற்றத்துக்கான உண்மைச் செலவை மட்டும் கொடுத்தால் போதும்.

கணக்கை வரிவரியாகப் பிரித்தால்

‘60 சதவீதம் தருகிறோம்’ என்ற மொத்த எண்ணை ஏற்காமல் பிரித்துக் கேட்பதில்தான் மீட்பு இருக்கிறது. ஒவ்வொரு வரியும் வேறு விதமாக நடந்துகொள்ளும்.

விமானம்: குழு முன்பதிவு தனிநபர் பயணச்சீட்டு போல அல்ல. பொதுவாகப் பத்துப்பேருக்கு மேல் சேர்ந்தால் குழுக் கட்டணம். முதலில் முன்பணம், பிறகு பெயர்ப் பட்டியல், கடைசியாகத்தான் பயணச்சீட்டு வெளியீடு. வெளியீட்டுக்கு முன் ரத்தானால் போவது முன்பணம் மட்டும். எனவே கேட்க வேண்டிய கேள்வி ‘டிக்கெட் போட்டுவிட்டீர்களா’ என்பதல்ல. ‘பயணச்சீட்டு எண் என்ன’ என்பது. ஆறு எழுத்து, எண் கொண்ட பி.என்.ஆர். வெறும் முன்பதிவுக் குறியீடு. வெளியிடப்பட்ட சீட்டுக்குப் பொதுவாக 13 இலக்க எண் இருக்கும். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைக் குறிக்கும். அந்த எண்ணைத் தர முடியாதவர், முழுக்கட்டணமும் போய்விட்டது என்பதை வேறு ஆவணத்தால் காட்ட வேண்டும். சீட்டு வெளியிடப்பட்டு, கட்டணம் திரும்பாத வகையாக இருந்தாலும், பறக்காத பயணிக்கு விமான நிலையக் கட்டணமும் அரசு வரியும் திரும்பும். இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதியே அதைச் சொல்கிறது. விமானத்தை நிறுவனமே ரத்து செய்திருந்தால் கதை வேறு. ஐரோப்பாவில் விமானப் பயணிகள் உரிமைக்கான 261/2004 விதிப்படி ஏழு நாளில் முழுப்பணம். அமெரிக்காவில் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ஏழு வேலைநாள், வேறு வழியில் கட்டியிருந்தால் 20 நாள்.

விடுதி: அறை மறுபடி விற்கப்பட்டதா என்று கேளுங்கள். விடுமுறைக் காலத்தில் நாற்பது படுக்கை காலியாகக் கிடப்பது அபூர்வம். நியாயமான ரத்துக் கட்டணம் என்பது மிச்சமான செலவையும் மறுவிற்பனையில் வந்ததையும் கழித்தது.

பேருந்து: ஓடாத வண்டிக்கு டீசல், சுங்கம், ஓட்டுநர் படி எதுவும் இல்லை. முன்பணத்தைத் தாண்டிய பிடித்தத்துக்கு ரசீது தேவை. நுழைவுச்சீட்டுகள் பெரும்பாலும் தேதி மாற்றத்துக்கு உட்பட்டவை, தொகையும் சிறியது. அவற்றில் நேரம் செலவிட வேண்டாம்.

விசா: விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதற்கான கட்டணம் அது, விண்ணப்பம் போய்விட்டால் திரும்பாது. இந்தப் பிடித்தம் உண்மையானது, சண்டை போட வேண்டாம். ஆனால் ஒரு சரிபார்ப்பு உண்டு. கல்விக்காகச் செல்லும் பள்ளி மாணவர்களுக்கும் உடன் செல்லும் ஆசிரியர்களுக்கும் ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) கட்டணமே கிடையாது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் இருக்கலாம். கல்விப் பயணம் என்று விண்ணப்பித்துவிட்டுக் கணக்கில் முழு விசாக் கட்டணம் எழுதப்பட்டிருந்தால் ரசீதைக் கேளுங்கள்.

இந்தியாவிலிருந்து வெளிநாடு போகும் தொகுப்புப் பயணங்களுக்கு 2020 அக்டோபர் 1 முதல் மூலத்தில், அதாவது ஏற்பாட்டாளர் கட்டணம் வாங்கும்போதே, வரி வசூலிக்கப்படுகிறது. அந்தத் தொகை ஏற்பாட்டாளரிடம் இல்லை, வருமான வரித் துறையிடம் இருக்கிறது. யாருடைய நிரந்தரக் கணக்கு எண்ணில் (பான்) வசூலானதோ அவர் கணக்கில் வரவாக நிற்கும். பெற்றோர் எண்ணில் என்றால் பெற்றோர் வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது எடுக்கலாம். பள்ளியின் எண்ணில் என்றால் பள்ளிதான் எடுத்துத் தர வேண்டும். கணக்கில் பலர் பார்க்கவே பார்க்காத இடம் இது.

கடைசியாக ஆசிரியர் இடம். குறிப்பிட்ட எண்ணிக்கை மாணவருக்கு ஓர் ஆசிரியர் ‘இலவசம்’ என்பார்கள். அந்தச் செலவு மாணவர் கட்டணத்தில்தான் கலந்திருக்கிறது. திரும்பி வரும் பணத்தில் அந்தப் பங்கும் மாணவர்களுக்கே போக வேண்டும். எதிர்பாராத செலவுக்கென்று பள்ளி ஒதுக்கிவைத்த தொகையும் அப்படியே. அது பள்ளியை விட்டு வெளியே போகவே இல்லை, முதல் நாளே திருப்பித் தரலாம்.

வவுச்சரா, பணமா

2020இல் உலகெங்கும் ஏற்பாட்டாளர்கள் பணத்துக்குப் பதில் வவுச்சர் நீட்டினார்கள். பிரான்ஸ் அதற்கென்றே அவசரச் சட்டமும் போட்டது. திருப்பித் தருவது என்றால் பணமாகத் தருவதுதான் என்றும், பெருந்தொற்றைக் காட்டி அரசு அந்தக் கடமையைத் தளர்த்த முடியாது என்றும் ஐரோப்பிய நீதிமன்றம் 2023 ஜூன் 8 அன்று சொல்லிவிட்டது. இந்தியாவில் ஊரடங்கு கால விமானக் கட்டணம் குறித்து உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று தந்த தீர்ப்பு, சில வகைப் பயணிகளுக்கு உடனடிப் பணமும், நிதி நெருக்கடியில் உள்ள நிறுவனங்கள் 2021 மார்ச் 31 வரை செல்லும் வரவுக் கணக்கு தரும் வாய்ப்பும் என்று வகை பிரித்தது.

பள்ளிப் பயணத்தில் வவுச்சர் மிக மோசமான ஏற்பாடு. பத்தாம் வகுப்புப் பிள்ளை அடுத்த ஆண்டு அந்தப் பள்ளியிலேயே இருக்காது. வவுச்சர் பள்ளியின் பெயரில் வரும். அதை வைத்துப் பள்ளி அடுத்த வகுப்பை அழைத்துப் போகும். பணம் கட்டியவர் வேறு, பயணம் போனவர் வேறு. பள்ளி வவுச்சரை ஏற்றுக்கொண்டால் அது பள்ளி தன் சார்பில் எடுத்த வணிக முடிவு. அதன் மதிப்பைப் பெற்றோருக்குப் பணமாகத் தர வேண்டிய கடமை அதனால் தீர்ந்துவிடாது. ஆகவே ‘எங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் வவுச்சரை ஏற்க வேண்டாம்’ என்று ரத்து செய்தி வந்த வாரத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

காப்பீடு எங்கே நழுவுகிறது

‘காப்பீடு இருக்கிறது’ என்று பள்ளி சொன்னால் பாதிச் செய்திதான் கிடைத்தது. பாலிசியில் காப்பீடு பெறுபவர் யார் என்று பாருங்கள். குழுப் பாலிசியில் பெரும்பாலும் பள்ளியின் பெயர்தான் இருக்கும். கோரிக்கையைப் பள்ளி மட்டுமே வைக்க முடியும், பணமும் பள்ளிக்கே வரும். பெற்றோர் தனித்தனியாக அழைத்துப் பயனில்லை. பள்ளியை விரைவாகக் கோரிக்கை வைக்கச் செய்வதே வேலை. நிகழ்வை எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று பாலிசியில் இருக்கும். நிராகரிப்புக்கு அடிக்கடி வரும் காரணம் அந்தத் தாமதம்.

நிராகரிப்புக்கான இன்னொரு காரணம், பாலிசி எடுக்கும்போதே தெரிந்திருந்த நிகழ்வு. புயல் எச்சரிக்கை வந்த பிறகு வாங்கிய பாலிசி அந்தப் புயலுக்குப் பணம் தராது. ஆகவே பயணக் கட்டணத்தின் முதல் தவணையோடு சேர்த்தே காப்பீடும் தொடங்கியிருக்க வேண்டும். கடைசி வாரத்தில் சேர்த்து எடுத்த பள்ளி, ரத்துப் பாதுகாப்பை ஏறக்குறைய இழந்துவிட்டது.

அடுத்து, அதிகாரபூர்வ அறிவுரை. அச்சத்தால் பள்ளி தானே எடுக்கும் முடிவைக் காப்பீடு ஏற்காது. வெளியுறவுத் துறை அந்த இடத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். 2020 மார்ச் 12 அன்று பிரிட்டிஷ் அரசு வெளிநாட்டுப் பள்ளிச் சுற்றுலாக்களைத் தவிர்க்கச் சொன்னது. அவசியமற்ற எல்லா வெளிநாட்டுப் பயணங்களையும் தவிர்க்கச் சொன்னது மார்ச் 17 அன்று. எந்த அறிவுரை, எந்த நாள் என்று பாலிசி வாசகத்தோடு வைத்துப் பார்க்க வேண்டிய இடைவெளி அந்த ஐந்து நாள். உங்கள் பள்ளி எந்த நாளில் முடிவெடுத்தது, அன்று எந்த அறிவுரை நடப்பில் இருந்தது என்பதற்குத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். அந்தப் பக்கங்கள் மாறிக்கொண்டே இருப்பவை.

வேறு யாரிடமிருந்து பெற முடியுமோ அதைக் காப்பீடு தராது. எனவே ஏற்பாட்டாளரிடம் முதலில் கேட்டு, அவர் தர மறுத்ததை எழுத்தில் வாங்கித்தான் கோரிக்கையோடு இணைக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனம் ஒவ்வொரு தலைக்கும் தராமல் கழித்துக்கொள்ளும் ஆரம்பத் தொகை இருந்தால், உள்ளூர் ஒருநாள் பயணத்தில் கிடைப்பது ஒன்றுமில்லாமல் போகலாம்.

கடிதம்

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதுவது கோரிக்கை ஆகாது. பெற்றோர் சேர்ந்து ஒரே கடிதம், பெயர்ப்பட்டியலோடு, தலைமை ஆசிரியருக்கும் நிர்வாகத்துக்கும், மின்னஞ்சலிலும் ஒப்புகையோடு நேரிலும் போக வேண்டும். இப்படி இருக்கலாம்:

‘மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, … தேதியில் நடக்கவிருந்து … தேதியில் ரத்தான கல்விச் சுற்றுலாவுக்குத் தலைக்கு … வீதம் நாங்கள் கட்டியுள்ளோம். ரசீது நகல்கள் இணைப்பில். நாங்கள் யாரும் விலகவில்லை. பின்வருவனவற்றை 14 நாளுக்குள் தருமாறு வேண்டுகிறோம்: ஏற்பாட்டாளரோடு செய்த ஒப்பந்தமும் விதிமுறைகளும், அவருக்குப் பணம் செலுத்திய தேதிகளும் தொகைகளும், ரத்து செய்து அனுப்பிய கடிதம், அவர் அனுப்பிய ரத்துக் கணக்கு, காப்பீட்டுப் பாலிசியும் கோரிக்கை நிலையும். பள்ளியிடம் இப்போது கையிருப்பில் உள்ள தொகையை உடனே திருப்பித் தரவும், மீதியை ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கோரவும் கேட்டுக்கொள்கிறோம்.’

இதில் கோபம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆவணம் வர வேண்டியிருக்கிறது. ஏற்பாட்டாளர் ரத்துக் கணக்கு அனுப்பாமலே சதவீதம் சொல்லியிருந்தால், இந்தக் கடிதம் போனதும் அது வெளியே வரும். பள்ளியைப் பெரும்பாலும் எதிரியாக்க வேண்டியதில்லை. ஏற்பாட்டாளரிடம் பேரம் பேசப் பள்ளிக்குத்தான் பலம் அதிகம், அடுத்த ஆண்டும் வியாபாரம் வேண்டுமே அவருக்கு.

அரசுப் பள்ளியோ அரசு நிதியில் பெரிதும் நடக்கும் பள்ளியோ என்றால் இந்தியாவில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் இதே ஆவணங்களைக் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். இங்கிலாந்தில் அரசு நிதிப் பள்ளிகளுக்கு 20 பள்ளி நாள்கள் அல்லது 60 வேலைநாள்கள், எது குறைவோ அது.

மறுத்துவிட்டால்

கார்டில் கட்டியிருந்தால் வங்கி வழியாகக் கட்டணத்தை மறுதலிக்கலாம், அதாவது பணம் பெற்றவரிடமிருந்து அதைத் திருப்பி எடுக்கச் சொல்லலாம். விசா, மாஸ்டர்கார்டு முறைகளில் சேவை நடந்திருக்க வேண்டிய நாளிலிருந்து பொதுவாக 120 நாள் கெடு. பள்ளியின் கணக்குக்குக் கட்டியிருந்தால் மறுதலிப்பு பள்ளிமீதுதான் விழும், ஏற்பாட்டாளர்மீது அல்ல. பிரிட்டனின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம், பிரிவு 75 தரும் பாதுகாப்பும் இதே இடத்தில் தடுக்கும்: 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்குக் கார்டு நிறுவனமும் பொறுப்பு, ஆனால் கார்டில் பணம் பெற்றவரும் சேவை தருபவரும் ஒருவராக இருக்க வேண்டும். நேரடி வங்கிப் பரிமாற்றத்துக்கு இத்தகைய பாதுகாப்பு இல்லை. அடுத்த பயணத்துக்கு எப்படிக் கட்டுவது என்று முடிவுசெய்யும்போது நினைவில் வையுங்கள்.

இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்முன் ஒரு தடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தேசிய நுகர்வோர் ஆணையத்தின் பேரமர்வு 2020 ஜனவரி 20 அன்று, மனு சோலங்கி வழக்கில், கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரமாட்டா என்று சொன்னபோது, உல்லாசப் பயணம், சுற்றுலா, நீச்சல், விளையாட்டு ஆகியவற்றையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதற்கு எதிரான மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபரில் விசாரணைக்கு ஏற்றது. பள்ளியை மட்டும் எதிர்த்தரப்பாக்கிப் புகார் கொடுத்தால் இந்தத் தீர்ப்பு குறுக்கே வரும். ஏற்பாட்டாளருக்கு அந்த விலக்கு இல்லை. அவர் விற்றது பயணச் சேவை. ‘நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லை, பள்ளிதான்’ என்று அவர் சொல்வார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7) பணம் கொடுத்தவரோடு, அவர் ஒப்புதலோடு சேவையைப் பெறும் பயனாளியையும் நுகர்வோர் என்றே சொல்கிறது. எனவே ஏற்பாட்டாளரை முதல் எதிர்த்தரப்பாக வையுங்கள்.

புகாருக்கு இரண்டு ஆண்டு கெடு. ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணம் இல்லை. ஒரே நலன் உள்ள பல பெற்றோர், ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகாராகக் கொடுக்கலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால், பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. பள்ளியின் கையிலேயே பணம் இருந்து தர மறுத்தால், உரிமையியல் நீதிமன்றமும் கல்வித் துறைக்கு மனுவும்தான் வழி. சிங்கப்பூரில் 20,000 டாலர்வரை சிறு கோரிக்கைத் தீர்ப்பாயம், அங்கும் இரண்டு ஆண்டு. இங்கிலாந்தில் 10,000 பவுண்டுவரை சிறு வழக்கு முறை.

ஏற்பாட்டாளரே திவாலானால்

அப்போது நியாயம் யார் பக்கம் என்பதைவிடப் பணத்துக்குக் காப்பு இருந்ததா என்பதே கேள்வி. பிரிட்டிஷ் பயண நிறுவனமான தாமஸ் குக் 2019 செப்டம்பர் 23 அன்று மூடியபோது, விமானம் சேர்ந்த பயணம் வாங்கிய பிரிட்டிஷ் வாடிக்கையாளர்களுக்கு அட்டோல் என்ற அங்குள்ள பயணக் காப்புத் திட்டம் பணத்தைத் திருப்பியது. ஜெர்மனியில் எஃப்.டி.ஐ. நிறுவனம் 2024 ஜூன் 3 அன்று திவால் மனு கொடுத்தபோது, தொகுப்புப் பயணம் வாங்கியவர்களுக்கு அங்குள்ள பயணக் காப்பு நிதியம் பொறுப்பேற்றது. அறை மட்டும் தனியாக வாங்கியவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை. இந்தியாவில் பயணக் கட்டணத்துக்கென்று சட்டப்படியான காப்பு நிதி கிடையாது. திவால் சட்டத்தின் கீழ் நடவடிக்கை தொடங்கியதும் நிறுவனத்தின் மீதான வழக்குகள் நிறுத்திவைக்கப்படும். அறிவிப்பில் குறித்த தேதிக்குள், ரசீதுகளோடு, தீர்வு அலுவலரிடம் உரிமைக் கோரிக்கை பதிய வேண்டும். பள்ளியின் பெயரில் பணம் போயிருந்தால் பள்ளிதான் பதிய வேண்டும், அதைப் பெற்றோர் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பகுதித் தொகை வந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ‘முழுமையான, இறுதித் தீர்வு’ என்று அச்சிட்ட படிவத்தில் கையொப்பமிடாதீர்கள். ‘பகுதித் தொகையாகப் பெற்றேன், மீதிக்கான உரிமை தொடர்கிறது’ என்று கையால் எழுதி, தேதி போட்டு, நகல் எடுத்த பிறகு கொடுங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகும் குடும்பங்கள் புதிய முகவரியையும் வங்கி விவரத்தையும் எழுத்தில் கொடுத்துச் செல்ல வேண்டும். காப்பீட்டுப் பணமும் விடுதி முன்பணமும் மாதங்கள் கழித்துத்தான் வரும், அப்போது கேட்க ஆளில்லாத பங்கு பள்ளிக் கணக்கிலேயே தங்கிவிடும்.